தாழ்தளப் பேருந்து

தாழ்தளப் பேருந்து: 'லோ ஃப்ளோர் பஸ்' என்று நாம் வழக்கமாகச் சொல்லும் வண்டி. வாசலில் படி இல்லாமல், தரையை ஒட்டித் தளம் அமைந்த நகரப் பேருந்து. சக்கர நாற்காலியில் இருப்பவரை யாரும் தூக்கி ஏற்றவேண்டியதில்லை, அவர் தாமே உருட்டிக்கொண்டு உள்ளே போகலாம் என்பதே இச்சொல்லின் உயிர்.

முதலில் எழுத்து. தாழ்த்தள பேருந்து, தாழ்தள பேருந்து, தாழ்தளப் பேருந்து என்று மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். மூன்றாவதே சரி. 'தாழ்தளம்' வினைத்தொகை. ஊறுகாய், தாழ்சடை, தாழ்குழல் போல இதிலும் நடுவில் வல்லினம் மிகாது. பேருந்தோடு சேரும்போது மகர ஈறு கெட்டு 'ப்' மிகும். தாழ்ந்த தளம், தாழ்கின்ற தளம், தாழும் தளம் என்று முக்காலத்துக்கும் விரிவது வினைத்தொகையின் இயல்பு. இந்த வண்டிக்கு அது அப்படியே பொருந்துகிறது. தளம் தாழ்வாகவே கட்டப்படுகிறது. நிறுத்தத்தில் ஓட்டுநர் ஏர் சஸ்பென்ஷனில் (வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளில்) இருந்து காற்றைக் கொஞ்சம் வெளியேற்றினால், பாகனை ஏற்றிக்கொள்ள யானை மண்டியிடுவதுபோல் வாசல் பக்கம் இன்னும் இறங்குகிறது.

ஜெர்மனியில் இவ்வகை வண்டிக்கு 'நீடர்ஃப்ளூர்' என்று பெயர். நீடர் என்றால் தாழ்ந்த. ஃப்ளூர் என்பது ஆங்கிலத்தின் ஃப்ளோருக்கு உறவுச் சொல். 1970களின் பிற்பகுதியில் அங்கே உருவாகி, 1980களின் இறுதியில் இருந்து ஐரோப்பிய நகரங்களில் பரவியது. 'பஸ்' இன்னும் பழையது. 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லின் வால் அது. 1820களில் பிரான்சில், கட்டணம் கொடுக்கும் யாரும் ஏறலாம் என்று ஓடிய குதிரை வண்டிகளுக்கு அந்தப் பெயர் வந்தது. நம் 'பேருந்து' (பெருமை + உந்து) அளவைச் சொல்கிறது. பழைய பெயர், வண்டி யாருக்கு உரியது என்பதைச் சொன்னது.

நம் பேருந்துகளின் தளம் ஏன் இத்தனை உயரம்? சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் பட்டறைக்கு வரும் வெறும் லாரி சேஸிஸைப் பார்த்திருப்பார்கள். நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றின் கீழே சக்கர அச்சும், பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டும். நம் பேருந்துகளில் பெரும்பாலானவை காலங்காலமாக அதே வகைச் சேஸிஸின் மேல்தான் 'பாடி' கட்டப்பட்டு வந்தன. சரக்குக்காக வகுத்த உயரத்தில் மனிதர்களை ஏற்றினோம். தாழ்தளத்துக்கு வண்டியை அடியில் இருந்தே வேறு விதமாக வடிவமைக்கவேண்டும்: எஞ்சின் பின்கோடிக்குப் போகவேண்டும், அச்சு கீழே வளைந்து இறங்கவேண்டும். பழைய வண்டியில் பிறகு ஒட்டவைக்கக்கூடிய வசதி இல்லை இது.

இந்திய நகரப் பேருந்து விவரக்குறிப்புகள் தள உயரத்தை மூன்றாகப் பிரிக்கின்றன: 90, 65, 40 சென்டிமீட்டர். நாற்பதுதான் தாழ்தளம். நடுவில் உள்ள 'செமி லோ ஃப்ளோர்' வண்டியை 'இடைத்தளப் பேருந்து' என்று தனிப் பெயரிட்டு அழைக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கும் படி உண்டு. சக்கர நாற்காலிக்கு ஒரு படியும் மூன்று படியும் ஒன்றே. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், ஏற முடியாத வண்டியும் ஏற முடிந்த வண்டியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதனோடு இணைந்தே வரவேண்டிய சொல் 'சாய்தளம்', அதுவும் வினைத்தொகை. 'ரேம்ப்' என்பது பிரெஞ்சு வழியாக வந்தது. வேர்ச்சொல்லுக்கு ஊர்தல், ஏறுதல் என்று பொருள். சறுக்குப்பாதை, சரிவுப்பாதை என்றும் எழுதுகிறார்கள். சறுக்குவதும் சரிவதும் அங்கே நடக்கக்கூடாதவை, ஆகவே அவை வேண்டாம். பள்ளி அறிவியல் பாடத்தில் எளிய இயந்திரமாகப் படித்த சாய்தளமே பொருத்தம். கட்டடங்களில் பின்பற்றும் அளவு 1:12, அதாவது ஒரு மீட்டர் உயர 12 மீட்டர் நீளம். 90 சென்டிமீட்டர் தளத்துக்கு அந்தக் கணக்கில் 10.8 மீட்டர், ஏறத்தாழ ஒரு பேருந்தின் நீளம். 40 சென்டிமீட்டர் தளத்துக்கு, நிறுத்தத்தின் நடைமேடை 15 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் 3 மீட்டர். வண்டி மண்டியிட்டால் அதுவும் குறையும். வாசலில் மடித்து வைக்கும் பலகை இதைவிடக் குட்டை என்பதால் அதன் சாய்வு செங்குத்தாகிவிடுகிறது. அங்கே ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒருவர் தோளுக்கு வரும் வலி. நடைமேடை இல்லாத இடத்திலோ சாலை நடுவிலோ வண்டியை நிறுத்தினால் தாழ்தளத்தின் பாதிப் பயன் வீண்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு பேருந்து நிறுத்தத்தையும் வண்டியையும் சேர்த்தே பேசுகிறது. சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கின. சேலம் சமவெளி நகரம். பழைய பேருந்து நிலையம், ஐந்து ரோடு, ஜங்ஷன் என்று செல்லும் வழித்தடங்கள் இவ்வகை வண்டிக்கு ஏற்றவை.

ஏற்காட்டுக்கு வேறு வழி தேடவேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற்றத்திலும் நீளமான, தாழ்ந்த வண்டியின் அடிப்பகுதி உரசும். அதற்காக மலைக்காரர்களைக் கைவிடவேண்டியதில்லை. அகமதாபாத்தின் 'ஜன்மார்க்' பேருந்துத் தடத்தில் 2009 முதல் நடைமேடையையே வண்டித் தளத்தின் உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். இதற்கு 'சமதள நடைமேடை' என்பது நல்ல பெயர். அடிவாரத்தில் ஒன்று, ஏற்காட்டில் ஒன்று, ஒவ்வொரு நடைமேடைக்கும், நடுவே இளைப்பாறும் திட்டோடு ஒரு சாய்தளம். வண்டியில் அகன்ற வாசல், படிக்குழியை மூடும் பலகை, நாற்காலியைக் கட்டி நிறுத்தப் பட்டை. இவை இருந்தால் மலைப் பேருந்தின் உயரத்தைக் குறைக்காமலே சக்கர நாற்காலியை உள்ளே கொண்டுபோகலாம்.