வதிவிடப் பாடசாலை வாக்குமூலங்கள்: 2027 செப்டம்பர் 19 ஏன் முக்கியம்?

செப்டம்பர் 30 வந்தால் ரொறன்ரோவில் நம் பிள்ளைகளும் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். கனடா அரசும் தேவாலயங்களும் பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பாடசாலைகளின் நினைவு நாள் அது. 1973-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுப் பிள்ளை வதிவிடப் பாடசாலையில் சேர்ந்த அன்றே, பாட்டி வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அது திரும்பக் கிடைக்கவே இல்லை. இப்படி வீட்டையும் மொழியையும் விட்டுப் பிரிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் சுமார் 1,50,000 பேர்.

பிழைத்து வந்தவர்களோடு அரசு செய்துகொண்டு 2007-இல் நடைமுறைக்கு வந்த இழப்பீட்டு ஒப்பந்தப்படி, அங்கே தங்கிப் படித்தவர்களுக்கு முதல் வருடத்துக்கு 10,000 டொலர், அடுத்த ஒவ்வொரு வருடத்துக்கும் 3,000 டொலர் தரப்பட்டது. பாலியல் கொடுமைக்கும் கடுமையான அடி உதைக்கும் ஆளானவர்களுக்குத் தனி விசாரணை வழியாகக் கூடுதல் இழப்பீடு. இந்த இரண்டுக்கும் விண்ணப்பிக்கும் காலம் முடிந்து பல வருடங்களாகிவிட்டன.

ஆனால் விண்ணப்பித்தவர்கள் எடுக்க வேண்டிய ஒரு முடிவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அந்தத் தனி விசாரணைக்கு 38,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கட்டிய துணைக்குக்கூடச் சொல்லாததை மூடிய அறையில், இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியை நம்பிச் சொன்னவர்கள் அவர்களில் உண்டு. விண்ணப்பம், ஒலிப்பதிவு, எழுத்துப்படி, தீர்ப்பு எல்லாம் கோப்பில் இருக்கின்றன. இந்தக் கோப்புகள் வரலாற்றுக்காகக் காக்கப்பட வேண்டும் என்று அரசு வாதாடியது. 2017-இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சொன்னவர் விரும்பினால் மட்டும் காக்கலாம், இல்லையென்றால் 2027 செப்டம்பர் 19-க்குப் பிறகு அழித்துவிட வேண்டும் என்பதுதான் தீர்ப்பு. சரியான தீர்ப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். சின்ன வயதில் தன் பெயரைக்கூடத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள விடப்படாதவர்களுக்கு, தங்கள் கதையாவது தங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே விண்ணப்பித்தவர் தன் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கலாம். வினிப்பெக்கில் மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் இருக்கும் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நடுவத்தில் அதைப் பாதுகாக்கச் சொல்லலாம். இரண்டையும் செய்யலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் கோப்பு அழிந்துவிடும், அதுவும் அவர் உரிமைதான். தெரியாமல் விட்டுவிடக் கூடாது என்பதுதான் கவலை, ஏனென்றால் பலருக்கு இப்போது முதுமை.

அப்புறம், உளவள ஆலோசனை. இதற்கு இழப்பீடு வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பிழைத்து வந்தவர்கள் மட்டுமல்ல, அவர்கள் குடும்பத்தாரும் பெறலாம். தங்கள் சமூகத்து மூத்தோரின் துணையும், ஆலோசனைக்குப் போய்வரப் பயண உதவியும் உண்டு. பழைய நினைவு வந்து நெஞ்சை அழுத்தும்போது 1-866-925-4419 என்ற எண்ணை நடு இரவிலும் அழைக்கலாம்.