குழு பியானோ வகுப்பில் தேர்வு: வரிசையாகக் கூப்பிட்டால் போதுமா?

புதுச்சேரியில் என் வகுப்பில் பிள்ளைகள் ஆறேழு பேராகச் சேர்ந்துதான் பியானோ கற்கிறார்கள். இப்படிச் சேர்ந்து கற்கிற வகுப்புகளிலும் தேர்வு மட்டும் பெரும்பாலும் தனித்தனியாகவே நடக்கிறது. ஒரு பிள்ளை வாசிக்கும், மற்றவர்கள் கைகட்டிக் காத்திருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் விரல் கட்டையில் படுவது சில நிமிடம்தான், மிச்சமெல்லாம் பயம். பக்கத்தில் ஆள் இருப்பதையே அளவுகோலாக்கலாம் என்று சக ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நான் அதிகம் நம்புவது, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுக்கும் தொடர் வாசிப்பைத்தான். பாடத்தை, அதாவது வாசிக்கிற இசைத் துண்டை, நான்கு நான்கு பாராக (தாளச் சுற்றாக) பிரித்து, தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் ஓட விடுவேன். அடுத்தது யார் என்று ஒரு பார் மிச்சமிருக்கும்போதுதான் கை காட்டுவேன். தாளம் தப்பாமல் எடுக்க வேண்டும். சும்மா இருக்கும்போதும் கண் நோட்ஸில் ஓடுகிறதா, கை சரியான இடத்துக்கு வந்துவிட்டதா, முன்னால் வாசித்தவர் தடுமாறினாலும் தாளத்தை விடாமல் பிடிக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சில நொடியில் தெரிந்துவிடும். தனியாக வாசிக்கும் பிள்ளை நின்று, திருத்தி, மறுபடி தொடங்கலாம். நாளைக்குச் சம்பா கோயிலிலோ இருதய ஆண்டவர் கோயிலிலோ சர்ச் பாடகர் குழுவான கொயருக்கு வாசிக்க உட்கார்ந்தால் அப்படி நிற்க முடியுமா? பாடுகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள்.

நோட்ஸ் படிப்பதில் பின்தங்கிய பிள்ளைக்குக் கருப்புக் கட்டைகளைத் தருவேன். எஃப் ஷார்ப் கட்டையை ஷட்ஜமாக, அதாவது ‘ஸ’வாக வைத்தால் அந்த ஐந்தும் மோகன ராகம், சி ஷார்ப்பை வைத்தால் சுத்த சாவேரி ராகம். ஒரு பிள்ளை நான்கு பாரில் கேள்வி கேட்கும், இன்னொன்று பதில் வாசிக்கும். கேள்வி ஷட்ஜத்தில் முடியக் கூடாது, பதில் அங்கே வந்து நிற்க வேண்டும். பாட்டு கிளாஸுக்கும் போகிற பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். காது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சில நாள் நானே வேண்டுமென்று தப்பாக வாசிப்பேன். பிள்ளைகள் தங்கள் தாளில் அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட வேண்டும். ஒருவர் வாசிப்பைக் கேட்கும்போதும் அப்படித்தான், ஆளுக்கு ஒரே கேள்வி: இடது கையின் சத்தம் வலது கையின் சத்தத்தை அமுக்கியதா? ‘நல்லா இருந்துச்சு’ என்ற பதிலை ஏற்பதில்லை.

‘கிரேடு எக்ஸாமுக்கு இது எதற்கு?’ என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு கணக்கு. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் பிராக்டிகல் கிரேடில் மொத்தம் 150 மதிப்பெண். மூன்று பாடங்களுக்கு 90, ஸ்கேல்களுக்கு (ஸ்வர வரிசைகளுக்கு) 21, பார்த்ததும் வாசிப்பதற்கு 21, கேட்டுச் சொல்வதற்கு 18. தேர்ச்சிக்கு 100 வேண்டும். மூன்று பாடங்களை முழு மதிப்பெண்ணுக்கு வாசித்தாலும் தேர்ச்சி இல்லை! வருடம் முழுக்க அந்த மூன்றையே உருட்டுவது எவ்வளவு பெரிய வீண் என்று நீங்களே பாருங்கள்.

கூச்சப்படும் பிள்ளையைத் தொடர் வாசிப்பில் முதலிலேயே இழுத்து விடாதீர்கள். வலது கை ஒருவர், இடது கை ஒருவர் என்று ஜோடியாகத் தொடங்குங்கள். வீட்டில் நிறுத்தாமல் வாசித்து போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அதே பாடத்தை மறுபடி பதிந்து, இரண்டையும் அந்தப் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். என்ன மாறியிருக்கிறது என்று அதன் வாயால் வருவதை அப்படியே மதிப்பீட்டுத் தாளில் எழுதுங்கள்.