யாரிடம் கையெழுத்துப் போட்டீர்கள்?

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், வேதாளைப் பக்கமிருந்து கடலட்டை வழக்கோ கடத்தல் தங்க வழக்கோ வந்தால், கட்சிக்காரரிடம் வக்கீலான நான் முதலில் கேட்பது இதைத்தான். "போலீஸ்னா போட்டிருக்க மாட்டேன் சார். இந்தக் கஸ்டம்ஸ்காரவுக, பாரஸ்ட்காரவுக மரியாதையாப் பேசி டீ வாங்கிக் கொடுத்தாக, போட்டுட்டேன்" என்பார்கள். சட்டமோ நேர்மாறாக இருக்கிறது: போலீஸிடம் போட்டதைவிட இவர்களிடம் போட்டதுதான் ஆபத்து.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க முடியாது. 1872 சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23. (அதன் மூலம் பொருள் ஏதும் சிக்கினால், அது தொடர்பான பகுதி மட்டும் செல்லும்.) இந்த அவநம்பிக்கைக்கு நம் மாகாணத்திலேயே சாட்சி உண்டு. வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் நடந்த சித்திரவதை பற்றி 1855-ல் சென்னை மாகாண ஆணையம் அறிக்கை தந்தது. விரலை நசுக்கும் கிட்டியும், குனியவைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாளும் அதில் இருக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் போலீஸிடம் சொன்ன ஒப்புதல் இன்றும் செல்லும். தன் ஊர்ப் போலீஸை நம்பிய அரசு, இங்கே தான் சம்பளம் கொடுத்து வைத்திருந்தவர்களை நம்பவில்லை. ஜப்பானில் நம்பிக்கை இன்னும் அதிகம்: குற்றச்சாட்டுப் பதிவாகும் முன்பே 23 நாள் வரை காவலில் வைத்து விசாரிக்கலாம். பாக் நீரிணைக்கு அக்கரையில், இலங்கையில், 1895 சாட்சியச் சட்டம் நம்முடையதைப் போலத்தான். ஆனால் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்ததும், உதவி போலீஸ் சூப்பிரண்டிடம் சொன்னதே சாட்சியமானது. இங்கே தடா, பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் செய்ததும் ஏறக்குறைய அதேதான். அரசுக்குப் பயம் வந்தால் அதிகாரி மேல் நம்பிக்கை கூடிவிடும்போல.

நம் கரைக்கு விஷயம் வேறு. சுங்கச் சட்டம் 108-ஆம் பிரிவில் சம்மன் அனுப்பி வாங்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லும். சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல என்பது உச்ச நீதிமன்றம் எப்போதோ முடிவு செய்தது. கடலட்டை வழக்கில் வனத்துறையிடம் கொடுப்பதற்கும் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்புக் கிடையாது. கஞ்சா, ஹெராயின் வழக்குகளில் மட்டும் 2020-ல் தோபான் சிங் எதிர் தமிழ்நாடு தீர்ப்பு அந்தக் கதவை அடைத்தது.

சம்மன் வந்தால் போகத்தான் வேண்டும். பொய் சொன்னால் அது தனி வழக்கு. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். மிரட்டி வாங்கியிருந்தால், ரிமாண்டுக்கு முதல் தடவை கொண்டுபோகும்போதே மாஜிஸ்திரேட்டிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். ஜாமீன் கிடைத்து ஆறு மாதம் கழித்து நான் டைப் செய்து தரும் மறுப்பு மனுவுக்கு அந்தப் பலம் இருக்காது.