பியூஸ் போகாததால்தான் வயர் எரிந்தது

போன வாரம் ஒரு பிக்கப்பைக் கட்டி இழுத்து வந்து என் கடை வாசலில் விட்டார்கள். முன் பம்பரில் நூறு வாட் ஸ்பாட்லைட் இரண்டு, புதுசு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததுமே அந்த வாடை. வயர் உறை வெந்த வாடை சீட்டில் ஏறிவிட்டால் லேசில் போகாது. தீபாவளிக்குப் பிறகு இதே காரணத்துக்காக வரும் நான்காவது வண்டி இது. நான்கிலும் ஒரே தப்பு. மலேசியாவின் பகாவில் இருபத்திரண்டு வருடமாகக் காடி வயரிங் பார்க்கிறேன். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியாவது பார்க்கிறேன்.

ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்தாறு வயது. கெராத்தோங் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில், செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரரிடம் மேற்பார்வை வேலை. விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். தோட்டத்துப் பாதையில் விளக்குக் கம்பம் ஒன்றும் கிடையாது. மாடு படுத்திருக்கும், காட்டுப்பன்றி குறுக்கே பாயும். கூடுதல் வெளிச்சம் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. நானே மாதத்துக்கு ஏழெட்டு வண்டிக்கு ஸ்பாட்லைட் போட்டுக் கொடுக்கிறேன். அதற்குக் கரண்டு எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

இவருக்கு எடுத்துக் கொடுத்தது ஹெட்லைட் வயரிலிருந்து. எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. ஹைபீம் வயரின் உறையைச் சீவி, ஸ்பாட்லைட் வயரை அதில் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிவிட்டிருக்கிறார்கள். ஹைபீம் போட்டால் ஸ்பாட்லைட்டும் சேர்ந்து எரியும், தனியாக வயர் இழுக்க வேண்டாம், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மூன்று வாரம் ஜோராக எரிந்ததாம். அன்றைக்கு விடியற்காலை ஒரு வளைவுக்கு முன்னால் ஹைபீமும் போயிற்று, லோபீமும் போயிற்று. “கண்ணைக் கட்டின மாதிரி ஆயிடுச்சு அண்ணே” என்றார். முன் சக்கரம் கால்வாயில் இறங்கி வண்டி சாய்ந்து நின்றிருக்கிறது. முட்டியில் நாலு தையலோடு பிழைத்தார்.

ஸ்டியரிங் கவரைக் கழற்றி, விளக்கு சுவிட்சை மேசை மேல் வைத்துத் திறந்தேன். உள்ளே இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பாகு மாதிரி உருகி ஒரு பக்கமாக வழிந்திருந்தது. பித்தளைத் தகடுகள் கறுத்து, ஒன்று அதன் இடத்தை விட்டே விலகிக் கிடந்தது. அந்தச் சுவிட்சிலிருந்து போகும் வயரை விரலால் அழுத்தினால் உறை பிஸ்கட் போலப் பொடிந்தது. ஹைபீம், லோபீம் இரண்டுக்கும் அந்த ஒரே சுவிட்ச். அது உருகியதும் எல்லாமே இருட்டு.

பியூஸ் பெட்டியைத் திறந்தேன். நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை உட்கார்ந்திருந்தது. தம்பி அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டி என்னையே கேட்டார்: “பியூஸ் போகவே இல்லையே அண்ணே. பாருங்க, நல்லாத்தான் இருக்கு. அப்புறம் எப்படி வயர் எரியும்?”

நாலு பேரும் இதையேதான் கேட்டார்கள். படித்தவரும் கேட்கிறார், இருபது வருடம் லோரி ஓட்டியவரும் கேட்கிறார். கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் பார்ப்போம்.

இந்த வண்டியில் ஹைபீம் பல்பு ஒன்றுக்கு 60 வாட். இரண்டுக்கும் 120. பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்ப். அதற்கு ஏற்ற வயர், அதற்கு ஏற்ற சுவிட்ச், அதற்கு ஏற்ற 15 ஆம்ப் நீல பியூஸ் என்று கம்பெனியிலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் மேல் நூறு வாட் விளக்கு இரண்டைத் தொங்கவிட்டால் இன்னும் கிட்டத்தட்ட 17 ஆம்ப். மொத்தம் 27. நீல பியூஸ் உடனே போயிற்று. சரியாகத்தான் போயிற்று, அதுதான் அதன் வேலை. இவர் 20 ஆம்ப் மஞ்சள் போட்டார், சில நிமிடத்தில் அதுவும் போயிற்று. “மாத்தி மாத்திப் போட்டேன் லா அண்ணே, நிக்கவே இல்லை” என்றார். கடைசியில் 30 ஆம்ப் பச்சை. அது நின்றது. நிற்கத்தான் செய்யும். அதற்குள் ஓடுவது 27 ஆம்ப், அதன் அளவு 30. அந்த பியூஸ் காலத்துக்கும் போகாது.

ஆனால் வயர் அதே பழைய வயர். சுவிட்ச் அதே பழைய சுவிட்ச். பத்து ஆம்புக்கு என்று செய்த வயரில் இருபத்தேழு ஓடினால் சூடு இரண்டரை மடங்கு என்று நினைக்காதீர்கள். கரண்டு எத்தனை மடங்கோ, சூடு அதன் வர்க்கம். இங்கே ஏழு மடங்கு. அந்தச் சூடு இறங்குவதற்கு வழியில்லாத இடத்தில், டேஷ்போர்டுக்குப் பின்னால், மற்ற வயர்களோடு கட்டாகக் கட்டி வைத்த இடத்தில் ஓடுகிறது அது.

பியூஸ் விளக்கைக் காப்பதற்காக வைத்தது என்றே பலர் நம்புகிறார்கள். பல்பு போனால் பல்பு மாற்றலாம், அதைக் காக்க யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள். பியூஸ் காப்பது வயரை. ஒரு வரிசையில் எது பலவீனமோ அதுதான் முதலில் போகும். அந்தப் பலவீனமான ஆள் ஒரு வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள பியூஸாக இருக்கட்டும், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், போனால் தீ இல்லாமல் போகட்டும் என்றுதான் அதை அங்கே வைத்தார்கள். நீங்கள் பெரிய பியூஸைப் போட்டதும் வரிசையில் பலவீனமானது வயராகிவிடுகிறது. இனி வயர்தான் உங்கள் பியூஸ். அது போகும்போது டேஷ்போர்டைக் கூட்டிக்கொண்டு போகும்.

பியூஸ் போனால் அது தொந்தரவு இல்லை, தகவல். “இவ்வளவு தாங்காது” என்று வண்டி சொல்கிறது. தயவு செய்து கேளுங்கள். சிகரெட் பாக்கெட்டு வெள்ளித் தாளைச் சுற்றி வைத்த பியூஸ்கூட என் கடைக்கு வந்திருக்கிறது. அந்த வண்டியில் பின் சீட்டில் குழந்தை இருக்கை பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனிதரை ஏதாவது பேசிவிடுவேனோ என்று உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சரி, எப்படிப் போட வேண்டும்? ரிலே. பத்துப் பதினைந்து வெள்ளிச் சாமான். சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச் அது, அதற்கு மேல் இங்கே பாடம் நடத்தப் போவதில்லை. கால் எண் 30க்கு பேட்டரியிலிருந்து நேராக வயர், 87இலிருந்து விளக்குக்கு, 86க்கு ஹைபீம் சிக்னல், 85 பாடி எர்த். ஹெட்லைட் வயரிலிருந்து ரிலே எடுப்பது 0.2 ஆம்புக்கும் குறைவு. வண்டிக்கு அது வந்ததே தெரியாது. பாரம் முழுக்கப் புது வயரில் போகும். ஹைபீமை இறக்கினால் ஸ்பாட்லைட்டும் தானாக அணையும். வண்டிக்குள் தனியாக ஒரு சுவிட்சும் வையுங்கள், ஊருக்குள் வரும்போது ஸ்பாட்லைட்டை மட்டும் அடியோடு நிறுத்திவிடலாம்.

பேட்டரியிலிருந்து வரும் அந்த வயருக்குத் தனி பியூஸ் வேண்டும். அதை பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள வயருக்குக் காவலே இல்லை. 55 வாட் இரண்டுக்கு 2 சதுர மில்லிமீட்டர் வயரும் 15 ஆம்ப் பியூஸும் போதும். நூறு வாட் இரண்டென்றால் 3 சதுர மில்லிமீட்டர், 25 ஆம்ப். எர்த் வயரும் அதே கனம். எர்த்துக்குத்தானே என்று மெலிசாகப் போடாதீர்கள், போன கரண்டு அத்தனையும் அது வழியாகத்தான் திரும்பி வர வேண்டும்.

வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பழைய ஜப்பான் பிக்கப்புகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு எப்போதும் பாசிட்டிவ் வந்து நிற்கும், சுவிட்ச் வெட்டுவது எர்த் பக்கத்தை. எப்போதும் போல 85ஐ பாடியில் வைத்தால் அங்கே ரிலே ஒழுங்காக வேலை செய்யாது. சாக்கெட்டைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். புது வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட்டைக் கம்ப்யூட்டரே ஓட்டுகிறது. அந்த வயரைச் சீவினால் போகப் போவது பியூஸ் இல்லை, நாலு இலக்கத்தில் விலை சொல்லும் பெட்டி.

அடுத்தது எல்இடி. “எல்இடிதானே, கரண்டே இழுக்காது, நேரா கொடுங்க” என்கிறார்கள். பெட்டியில் 180 வாட் என்று போட்ட ஒரு எல்இடி பார் விளக்கில், வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்தேன், 4 ஆம்ப் காட்டியது. ஐம்பது வாட் சொச்சம். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப முடியாது என்பதற்குத்தான் சொல்கிறேன். உண்மையான 120 வாட் பாரும் இருக்கிறது, அது பத்து ஆம்ப் இழுக்கும், பல்புக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. போதாததற்கு, நல்ல எல்இடி விளக்குகள் பலவும் வோல்டேஜ் குறைந்தால் ஈடுகட்டக் கூடுதல் கரண்டு இழுக்கும். மெலிசான வயருக்கு அது இன்னும் கெடுதல்.

போன வருடம் ஒரு தோட்டத்துக் கிராணியார் (எழுத்தர்) வந்தார். “தம்பி, ஸ்பாட்லைட் போட்டதிலிருந்து என் ஹெட்லைட் இன்னும் மங்கிப் போச்சுப்பா” என்றார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், ஹெட்லைட் சாக்கெட்டில் 11.9. வழியில் வயர் தின்றது மீதி. ஹாலஜன் பல்புக்கு இந்த அளவு வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட 40 விழுக்காடு போய்விடும். வெளிச்சம் வேண்டி விளக்கு மாட்டி, இருந்த வெளிச்சத்தையும் இழந்திருந்தார். எர்த் போல்ட்டைக் கழற்றினேன், பச்சைப் பச்சையாகப் பொடி. உர மூட்டை ஏற்றும் வண்டி. பொட்டாஷும் அம்மோனியம் சல்பேட்டும் ஈரத்தோடு சேர்ந்தால் செம்பை இப்படித்தான் அரிக்கும். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மஞ்சள் பூத்த கண்ணாடியைப் பாலிஷ் போட்டு, புது பல்பு மாட்டினேன். ஸ்பாட்லைட்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். இன்று வரை திரும்பக் கேட்கவில்லை. விளக்கு வாங்கும் முன் இருக்கும் ஹெட்லைட்டை ஒருமுறை சரி பாருங்கள்.

உரமும் ஈரமும் இப்படி அரிப்பதால்தான், வயரை இணைக்க அமுக்கி மாட்டும் கிளிப்பையும் வெறும் டேப்பையும் நான் கடைக்குள் விடுவதில்லை. கிளிப் செம்பு இழையை வெட்டும், வெட்டிய இடத்தில் மழையும் உரமும் ஏறும். சால்டர் வையுங்கள், அல்லது முறையாக கிரிம்ப் கருவியால் இறுக்கி, பசை உள்ள, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். இரும்புத் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். எலியை மறக்காதீர்கள். செம்பனைக்குள் ஆந்தைக் கூண்டு வைத்து வளர்ப்பதே எலிக்காகத்தான். அந்த எலி ராத்திரி உங்கள் போனட்டுக்குள் ஏறும், வயரைக் கடிக்கும். பியூஸ் இல்லாத வயரைக் கடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பொதுச்சாலையில் எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும் விளக்கோடு போனால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) நிறுத்தும், சம்மன் வரும். தோட்டத்துப் பாதைக்கு என்று போட்டதைத் தோட்டத்துப் பாதையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு ஏறும் முன் சுவிட்சை அணைத்து, விளக்குக்கு மூடி போடுங்கள். மோட்டார் சைக்கிளில் எதிரே வரும் ரப்பர் பால்வெட்டுக்காரர் உங்களால் கண் தெரியாமல் கால்வாயில் விழ வேண்டாம்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? இன்று ராத்திரியே பாருங்கள். ஸ்பாட்லைட் போட்டதும் ஹெட்லைட் மங்குகிறதா? பத்து நிமிடம் எரிந்தபின் விளக்கு சுவிட்சைத் தொட்டால் கதகதப்பாக இருக்கிறதா? பியூஸின் கால் பழுப்பேறியிருக்கிறதா? பியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் பியூஸின் நிறமும் ஒத்துப்போகிறதா? சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. இவற்றில் ஒன்று தப்பாக இருந்தாலும் ஸ்பாட்லைட் வயரை இப்போதே பிடுங்கிவிடுங்கள், பழைய அளவு பியூஸைத் திரும்பப் போடுங்கள். ஓடும்போது வாடை வந்தால் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, எல்லாரும் இறங்குங்கள். புகை இல்லை என்றால் மட்டும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். புகை வந்தால் போனட்டை முழுக்கத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். தள்ளி நின்று 999க்கு அடியுங்கள், போம்பா (தீயணைப்புப் படை) வரட்டும்.

அந்தத் தம்பியின் வண்டிக்கு சுவிட்ச், வயர், கூலி எல்லாம் சேர்த்து அறுநூறு வெள்ளிக்கு மேல் ஆகிவிட்டது. முதலிலேயே ரிலே வைத்திருந்தால் நூறு வெள்ளிகூட ஆகியிருக்காது. அவர் அம்மாதான் பணம் கொண்டு வந்து கொடுத்தார். “இனிமே எரியாதில்லப்பா?” என்று இரண்டு முறை கேட்டார்.

யார் போட்ட வயரிங்காக இருந்தாலும் கொண்டு வாருங்கள். கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம், அதற்குக் காசு வாங்க மாட்டேன். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி வரை கடை திறந்திருக்கும்.