மரத்தூள் இழுக்கும் மோட்டாருக்கும் ஹெட் உண்டு

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வீட்டில் கார் நிறுத்தும் ஷெட்டைத்தான் மரவேலைக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, வேக்குவம் கிளீனரின் ஹோஸ் வாயில் ஒரு பிளைவுட் துண்டு வந்து அப்பிக்கொண்டது. அடுத்த நொடி ‘டப்’பென்று சத்தம். தூள் பிடிப்பதற்காக நடுவில் வைத்திருந்த 20 லிட்டர் பெயின்ட் வாளி, யாரோ ஏறி மிதித்ததுபோல் நசுங்கிக் கிடந்தது.

மிதித்தது வெளியே இருந்த காற்று. வேக்குவம் எதையும் இழுப்பதில்லை. உள்ளே சுற்றும் விசிறி காற்றை வெளியே தள்ளுகிறது, அதனால் உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் காற்று அந்த இடத்தை நிரப்ப ஓடி வருகிறது. தூள் அந்தக் காற்றோடு சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான். பட்டறைக்கான நல்ல வேக்குவம் ஒன்றின் வாயை அடைத்தால் உள்ளே சுமார் 20 கிலோபாஸ்கல், அதாவது காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, குறையும். 30 சென்டிமீட்டர் அகல மூடியின் மேல் அது ஏற்றும் பாரம் 140 கிலோவுக்குப் பக்கம்.

கிணற்றுப் பாசனம் பார்த்த ஊருக்கு இது புதிதில்லை. கிணற்று மேட்டில் எத்தனை பெரிய மோட்டாரை வைத்தாலும் தண்ணீர் 25 அடிக்குக் கீழே போய்விட்டால் ஏறுவது கஷ்டம். காற்றழுத்தம் தண்ணீரைத் தள்ளும் உயரமே முப்பது அடிச் சொச்சம்தான். அதனால்தான் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைத்தார்கள்.

முதன்முதலில் வேக்குவம் வாங்கியபோது நான் பெட்டியில் போட்டிருந்த வாட்ஸை மட்டும் பார்த்து வாங்கினேன். தோட்டத்துக்கு மோட்டார் கட்ட வரும் மெக்கானிக் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஹெச்.பி.ய மட்டும் பாத்து ஆருங்க மோட்டார் வாங்குவாங்க? ஹெட் எத்தன, டிஸ்சார்ஜ் எத்தனன்னு பாக்கோணும்ங்க.” ஹெட் என்றால் எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும் என்பது, டிஸ்சார்ஜ் என்றால் எவ்வளவு கொட்டும் என்பது. வேக்குவம் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான பேச்சு அதுதான்.

போர்வெல் சப்மெர்சிபிள் பல நூறு அடியிலிருந்து தண்ணீரை ஏற்றும், ஆனால் வருவது மெல்லிய தாரை. வாய்க்காலிலிருந்து இறைக்கும் மோட்டார் பத்தடிதான் ஏற்றும், ஆனால் கொட்டோ கொட்டென்று கொட்டும். பட்டறை வேக்குவம் சப்மெர்சிபிள் ஜாதி. அதன் ஹெட் சுமார் 2 மீட்டர் தண்ணீர் உயரம், காற்று நொடிக்கு 60 லிட்டர் வாக்கில். சப்மெர்சிபிளில் இருப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று விசிறி வைத்த வேக்குவம் மோட்டார்களும் உண்டு. மரப்பட்டறைகளில் பெரிய பையோடு நிற்கும் டஸ்ட் கலெக்டர் வாய்க்கால் மோட்டார் ஜாதி. ஹெட் கால் மீட்டர் அளவுதான், காற்று நாலைந்து மடங்கு.

ஆகவே எந்த மெஷினுக்கு என்பதுதான் முதல் கேள்வி. மரத்தைத் தேய்க்கும் சாண்டர், பள்ளம் எடுக்கும் ரவுட்டர், கையில் பிடிக்கும் சர்குலர் சா இவற்றின் தூள் வாய் சிறியது. அதற்குள் காற்றைத் தள்ளி நுழைக்க ஹெட் வேண்டும், வேக்குவம் சரி. பிளேனர் மெஷின் கூடை கூடையாகச் சீவல் தள்ளும், அதற்கு வேக்குவம் போதாது.

பெட்டியில் இருக்கும் அதிகபட்ச ஹெட் வாய் முழுக்க அடைத்தபோது அளந்தது, அதிகபட்சக் காற்று வாய் முழுக்கத் திறந்தபோது அளந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 1200 வாட்ஸ் மோட்டாரில் காற்றுக்குப் போய்ச் சேர்வது 300 வாட்ஸ் இருந்தாலே நல்லது. ஹோஸ் அடைத்தால் மோட்டார் கீச்சென்று கத்துவதைக் கேட்டுப் பலரும் லோடு ஏறிவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் தள்ளுவதற்குக் காற்று இல்லாமல் லோடு இறங்கி, வேகம் கூடுகிறது. பம்பின் டெலிவரி வால்வை மூடினால் ஆம்பியர் இறங்குமே, அதே கதை.

அடுத்து ஹோஸ். இதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். மரத்தூள் கீழே படியாமல் பைப்பில் ஓட, காற்று நொடிக்கு 20 மீட்டர் வாக்கில் போக வேண்டும். வேக்குவம் வேலை செய்யும்போது நொடிக்கு 40 லிட்டர் காற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் ஹோஸில் அது சரியாக 20 மீட்டர் வேகம். அகலமாக இருந்தால் நல்லதுதானே என்று 4 அங்குல பி.வி.சி. பைப் போட்டால் வேகம் 5 மீட்டருக்கு இறங்கிவிடும். தூள் வழியிலேயே படுத்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாயில் நெருக்குப்பட்டு வரும் காற்றுக்கு இருக்கும் வேகம் சமவெளியில் பரவிய பிறகு இருக்காது இல்லையா? மறுபக்கம், ஹோஸ் ரொம்ப ஒடுங்கினால் உராய்வு ஹெட்டைத் தின்றுவிடும். மெஷின் பக்கம் குட்டையாக 35 மில்லிமீட்டர், மற்றபடி 50 என்பது என் அனுபவத்தில் ஒத்துவருகிறது.

நசுங்கிய வாளி செய்த வேலை சைக்ளோன் வேலை. காங்கேயத்து ரைஸ் மில்களில் கூம்பு வடிவத் தகரக் கூடு பார்த்திருப்பீர்கள், அதுதான் சைக்ளோன். காற்று அதற்குள் சுழலும்போது கனமான துகள் சுவரோடு ஒதுங்கிக் கீழே விழும், லேசான காற்று நடுவழியே மேலே போய்விடும். முறத்தில் தூற்றும்போது பதர் பறந்து நெல் நிற்பதுபோலத்தான். சைக்ளோன் இருந்தால் மரத்தூளில் பெரும்பகுதி ஃபில்டரைத் தொடுவதே இல்லை. நான் இப்போது கெட்டியான நீல டிரம் வைத்திருக்கிறேன், நசுங்கவில்லை.

ஆனால் சைக்ளோனில் சிக்காத பொடிதான் நம் எதிரி. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு. 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூசு மூக்கைத் தாண்டி உள்ளே இறங்கும், கண்ணுக்கும் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே மரத்தூசைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் மூக்கை ஒட்டிய எலும்பறைகளிலும் வருவது. மர இழையைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை அறுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதன் தூள் மாவு மாதிரி நைசாக இருக்கும்.

என் முதல் வேக்குவத்தில் சாதாரணத் துணிப்பைதான் இருந்தது. ஓட்டுச் சந்தில் விழும் வெயிலில், பின்பக்கம் புகை மாதிரிப் பொடி வருவதை ஒருநாள் பார்த்தேன். தரையில் கிடந்ததை மூச்சுக் காற்றில் ஏற்றிவிட்டிருந்தேன். அம்மாவின் இருமலுக்கு அதுதான் காரணமா என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அன்றோடு அந்தப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். அதைவிடச் சின்னது ஏறுமாறாக அலைந்து இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும், பெரியது நேராகப் போய் மாட்டும், இடைப்பட்ட இந்த அளவுதான் நழுவப் பார்க்கும். அதனால்தான் அந்த அளவில் சோதிக்கிறார்கள். நல்ல ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், அடைத்தால் காற்று குறையும். சைக்ளோனும் ஹெப்பாவும் ஜோடியாக இருந்தால்தான் இரண்டும் பிழைக்கும். தண்ணீர் உறிஞ்சும்போது காகித ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். இரும்பு கிரைண்டரின் பொறியை மரத்தூள் வேக்குவத்துக்குள் ஒருபோதும் விடாதீர்கள், உள்ளேயே கனன்று பற்றிக்கொள்ளும்.

அப்புறம், ஃபில்டரைத் தட்டுவதென்றால் மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே போய்த் தட்டுங்கள். நான் வேக்குவத்தையே ஷெட்டுக்கு வெளியே, கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு சிறு கூண்டில் வைத்துவிட்டு ஹோஸை மட்டும் ஓட்டை வழியே உள்ளே விட்டிருக்கிறேன். ஆடி மாதம் காற்று மேற்கேயிருந்து அடிக்கும்போது, மிச்சம் மீதி வரும் பொடியும் ஷெட்டுக்குள் திரும்பாமல் தென்னந்தோப்புப் பக்கம் போய்விடுகிறது.