உட்கார்ந்தால் 96, மாடி ஏறினால் 84: எங்கே போகிறது ஆக்சிஜன்?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு 67 வயது. ஓயாத வறட்டு இருமல். சளியில் கிருமி இல்லாமலேயே ஆறு மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள், பலனில்லை. இப்போது ஐ.பி.எஃப்., அதாவது காரணம் தெரியாமல் நுரையீரலில் விழும் தழும்பு என்கிறார்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், இரத்த ஆக்சிஜனை உட்கார்ந்திருந்தால் 96 சதவீதம், மாடி ஏறினால் 84 என்று காட்டுகிறது. கருவி பழுதா?"

கருவி சரியாகத்தான் இருக்கும். டி.பி. மலிந்த தென்னாப்பிரிக்காவில் எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் முதலில் அதைச் சந்தேகிப்பது நியாயம். டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை கிருமி இல்லை என்ற பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருப்பதுதான் வம்பு. முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதுபோல் சரசரப்புக் கேட்டால், அடுத்த சந்தேகம் தழும்பு.

காற்றறைக்கும் இரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவர் பல இடங்களில் அரை மைக்ரோமீட்டர்கூட இல்லை. ஓய்வில் ஒரு சிவப்பணு அதை ஒட்டிக் கடக்க ஏறக்குறைய 0.75 விநாடி ஆகிறது. ஆக்சிஜன் நிரம்ப 0.25 விநாடி போதும். மீதி அரை விநாடி கையிருப்பு. தழும்பால் சுவர் தடித்தால் நிரம்ப நேரம் கூடும். கையிருப்பு அதை ஈடுகட்டும். மீட்டரும் 96 என்றே சொல்லும். படி ஏறினால் இரத்தம் விரைகிறது. கடும் உழைப்பில் அந்த 0.75 விநாடி 0.25 வரை சுருங்கும். தழும்பு பல இரத்த நுண்குழாய்களையும் அழித்திருப்பதால், எஞ்சியவற்றில் நெரிசல் வேறு. சிவப்பணு நிரம்பாமலே வெளியேறுகிறது.

இந்தக் கையிருப்புத் தேய்வதை முன்கூட்டியே காட்டுவது, வாயு சுவரைக் கடக்கும் திறனை அளக்கும் டி.எல்.சி.ஓ. சோதனை. நுரையீரலை முழுக்கக் காலிசெய்து, 0.3% கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை ஒரே மூச்சில் இழுத்து, 10 விநாடி அடக்கி ஊத வேண்டும். ஹீமோகுளோபின் இவ்வாயுவை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றுவதால், போனது திரும்பி வராது. எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு சுவரைக் கடந்தது! விஷ வாயுவை இப்படி வேலைவாங்கியது எனக்கு அலுக்காத வியப்பு. காலையில் பிடித்த சிகரெட், இரத்தசோகை இரண்டும் அளவைப் பொய்யாகக் குறைக்கும்; உதட்டோரக் கசிவும் அளவைக் கெடுக்கும். இக்கருவி பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிடுவது எனக்கு உறுத்தல்தான்.

நோயை உறுதிசெய்வது மெல்லிய துண்டு சி.டி. ஸ்கேன்: நுரையீரலின் அடியில், விளிம்பை ஒட்டித் தேன்கூட்டுத் துளைகள். அதற்குமுன் புறா வளர்ப்பு, வீட்டுப் பூஞ்சை, மூட்டு முடக்குவாதம், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் மாத்திரை, கல்நார் சுரங்க வேலை எல்லாவற்றையும் விசாரித்து விலக்க வேண்டும். காரணம் தெரிந்தால் அது ஐ.பி.எஃப். அல்ல, வைத்தியமும் மாறும்.

தழும்பு கரையாது. வேப்பெண்ணெய் தேய்த்தாலும் மந்திரித்தாலும் கரையாது. மூடிய பூஜையறைச் சாம்பிராணிப் புகை இருமலைத்தான் கூட்டும். பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரு மருந்துகளும் நோயின் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கும். பிர்ஃபெனிடோன் 267 மி.கி.: முதல் வாரம் வேளைக்கு ஒன்று, அடுத்த வாரம் இரண்டு, பிறகு மூன்று, தினம் மூன்று வேளை, சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் குமட்டும். டர்பன் வெயிலில் தோல் கருகும். முழுக்கைச் சட்டை வேண்டும். நின்டெடானிப் 150 மி.கி. இரு வேளை, வயிற்றுப்போக்கே பெருந்தொல்லை. இரண்டுக்கும் கல்லீரல் சோதனை தவறக்கூடாது. ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோப்ரினும் சேர்த்துக் கொடுத்த பழைய முறையில் மரணம் கூடியதால் அது கைவிடப்பட்டது.

ஜோகன்னஸ்பர்க் உறவினர் வீட்டுக்குப் போவதென்றால் முதலில் ஆறு நிமிட நடைச்சோதனை செய்யுங்கள். அவ்வூர் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல்; விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயரத்துக்கு நிகராகலாம். இங்கே 84க்கு இறங்குபவருக்கு வழியிலேயே ஆக்சிஜன் தேவைப்படலாம். அதை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.