வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறதா? அனிமேஷனுக்கு கோடெக் தேர்ந்தெடுக்கும் முன்

அந்தி வானம் ஒன்று. மேலே கருநீலம், அடிவானத்தில் ஆரஞ்சு, இடையில் நிறம் மெல்ல மெல்ல மாறுகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் வழவழவென்று இருந்த அதே வானம், எக்ஸ்போர்ட் ஆன எம்பி4 கோப்பில் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக நிற்கும். இதைத்தான் பேண்டிங் என்கிறோம். உடனே பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவிடும் தரவின் அளவை, இரட்டிப்பாக்குவார்கள். கோப்பு வீங்கும்; பட்டை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். பிட் எண்ணிக்கை கூடினால் ஒளி அளவின் படிகளும் கூடும். 8 பிட் வீடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 16 முதல் 235 வரைதான் எண்கள், மொத்தம் 220 படிகள். அந்த வானம் இதில் 40 படிகளுக்குள் அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 1080 வரி உயரத்தில் ஒவ்வொரு படியும் 27 வரி தடிமன். கண்ணுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? 10 பிட்டில் அதே இடத்தில் 160 படிகள் கிடைக்கும். ஒரு படி ஏழு வரிகூட வராது. கேமராவில் எடுத்த படத்தில் சென்சாரின் இரைச்சல் இந்தப் படிகளைக் கலைத்து மறைத்துவிடும். அனிமேஷன் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருப்பதால் மறைக்க எதுவுமில்லை.

ஆகவே எந்தக் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), எச்.264-ஆ, எச்.265-ஆ என்று கேட்பதற்கு முன் 8 பிட்டா, 10 பிட்டா என்று கேளுங்கள். புராஜெக்ட்டே 8 பிட்டில் இருந்தால் பட்டை ரெண்டரிலேயே (மென்பொருள் ஃபிரேம்களை வரைந்து வெளியிடும்போதே) பதிந்துவிடும். பிறகு 10 பிட்டில் என்கோட் செய்து, அதாவது கோடெக்கால் சுருக்கி, பயனில்லை. முதலில் புராஜெக்ட்டை 16 பிட்டுக்கு மாற்றுங்கள்.

எச்.264 எங்கும் ஓடும், ஆனால் 8 பிட்டில்தான். அதன் 10 பிட் வடிவம் கணினியில் ஓடும். பெரும்பாலான போன், டிவி சிப்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. கிளையன்ட்டுக்கு அதை அனுப்பாதீர்கள். 10 பிட் வேண்டுமென்றால் எச்.265-இன் மெயின் 10 என்ற 10 பிட் வடிவம் போதும். இன்றைய போன்களும் 4கே டிவிகளும் சிரமமின்றி ஓட்டும். ஆப்பிள் கருவிகளுக்குப் போகிற கோப்பில் டேக் (கோடெக் வகையைச் சொல்லும் குறி) எச்விசி1 என்று இருக்க வேண்டும். எச்இவி1 என்று இருந்தால் படம் திறக்காது. கோப்பு கெட்டுவிட்டதாகப் புகார் வரும். 2018-இல் வந்த ஏவி1 என்ற கோடெக்கின் அடிப்படை வடிவத்திலேயே 10 பிட் அடக்கம், அதை உருவாக்கிய கூட்டணி உரிமத் தொகையும் கேட்பதில்லை. என்கோட் ஆக நேரம் பிடிக்கும், பழைய போன்கள் திணறும். இணையத்துக்கு நல்லது, பென் டிரைவில் போட்டு டிவியில் பார்ப்பவருக்கு ஆகாது.

8 பிட் தவிர வேறு வழியில்லை என்றால் கிரேடியன்ட் (மெல்ல மாறும் நிறம்) மீது மட்டும் லேசாக இரைச்சல் தூவுங்கள். எச்.264-க்கான என்கோடர் எக்ஸ்264-இல் சிஆர்எஃப் என்ற தர மதிப்பை (எண் குறைந்தால் தரம் கூடும்) 16 முதல் 18-க்குள் வையுங்கள். 23-இல் விட்டால் தூவிய இரைச்சலை என்கோடரே வழித்துவிடும், பட்டை திரும்பிவிடும். எக்ஸ்264-இன் சிஆர்எஃப் எண்ணை எச்.265-க்கான எக்ஸ்265-க்கு அப்படியே எடுத்துப்போகவும் கூடாது. முன்னதன் இயல்பு மதிப்பு 23, பின்னதற்கு 28. இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

எக்ஸ்264-இல் 'டியூன் அனிமேஷன்' என்றொரு வசதி உண்டு. பி-ஃபிரேம்களில் (முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைப் பார்த்து ஊகிக்கப்படுபவை) இரண்டைக் கூட்டும், ரெஃபரன்ஸ் ஃபிரேம்களை (ஊகிக்க ஒப்பிட்டுப் பார்ப்பவை) இரட்டிப்பாக்கும், கோட்டோரத்துக் கட்டங்களை இன்னும் கொஞ்சம் மழுப்பும். தட்டை வண்ணமும் கறுப்புக் கோடுமாக இருக்கும் 2டி படத்துக்கு அருமை. துணி இழையும் தோல் சுருக்கமும் தெரிய வேண்டிய 3டி படத்துக்குப் போட்டால் எல்லாம் மெழுகுப் பொம்மையாகிவிடும்.

அடுத்தது கோடு. நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும் 4:2:0 என்ற முறையில் 1920×1080 படத்தின் ஒளி விவரம் முழுதாக இருக்கும். நிற விவரம் 960×540 மட்டுமே. நீலப் பின்னணியில் சிவப்பு அவுட்லைன் போட்டால் ஓரம் கசியும். பிட்ரேட் இதைத் தீர்க்காது. இரண்டு நிறங்களுக்கும் இடையே வெளிச்ச வித்தியாசம் இருக்கும்படி வண்ணம் தேர்ந்தெடுப்பதுதான் மலிவான வைத்தியம். 4கே-யில் கொடுத்தால் நிற விவரமும் 1920×1080 ஆகிவிடும்.

ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படக் கோப்பாக, பிஎன்ஜி வரிசையாக ரெண்டர் செய்வது நல்ல பழக்கம். பாதியில் கணினி நின்றாலும் விட்ட ஃபிரேமிலிருந்து தொடரலாம். ஆனால் அதை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் கொடுக்கும்போது மூன்று பள்ளங்கள். ஃபிரேம் வேகம் சொல்லாவிட்டால் அது 25 என்று எடுத்துக்கொள்ளும். 24-இல் செய்த பத்து நிமிடப் படம் 24 நொடி முன்னதாகவே முடிந்துவிடும், வசனமும் வாயசைவும் சேராது. பிக்சல் வடிவம் சொல்லாவிட்டால் எச்.264 கோப்பு 4:4:4, அதாவது நிற விவரம் குறைக்காத வடிவம், ஆகிவிடும். உங்கள் கணினியில் ஓடும், போனில் ஓடாது. நிற மேட்ரிக்ஸ் (நிறத்தை வீடியோ எண்களாக மாற்றும் சூத்திரம்) சொல்லாவிட்டால் பழைய டிவி காலத்து பிடி.601 கணக்கில் மாற்றும், பிளேயரோ எச்டி படம் என்பதால் பிடி.709 என்று வாசிக்கும். பச்சையும் சிவப்பும் சற்றே பிறழ்ந்து, பாத்திரத்தின் முகத்தில் வேறு சாயல் ஏறும். மாற்றும்போதே பிடி.709 என்று சொல்லி, கோப்பிலும் அதையே குறியுங்கள்.

மாஸ்டர் கோப்பு வேறு, விநியோகக் கோப்பு வேறு. மாஸ்டருக்கு ஆப்பிளின் புரோரெஸ் 4444 கோடெக்கை எடுத்தால் ஆல்ஃபாவும் (ஒளிபுகும் பகுதிகளின் விவரம்) இருக்கும். 1080, 24 ஃபிரேமில் நொடிக்கு 264 மெகாபிட், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 2 ஜிபி. பெயரைப் பார்த்து குவிக்டைமின் 'அனிமேஷன்' கோடெக்கைத் தொடாதீர்கள். பெயர்தான் அப்படி, உள்ளே இருப்பது 8 பிட், பழங்கால முறை. வாட்டர்கலர் பின்னணி வந்தால் கோப்பு ஊதிப்போகும்.

முழுப் படத்தையும் என்கோடரில் தள்ளும் முன் ஒரு 30 நொடித் துண்டு வெட்டுங்கள். பத்து நொடி கிரேடியன்ட், பத்து நொடி வேகமான பேன் (கேமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சி), பத்து நொடி இருட்டில் நிறக்கோடு. அதை என்கோட் செய்து, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றில், விளக்கை அணைத்து, பிரைட்னஸை முழுக்க ஏற்றிப் பாருங்கள். பட்டை தெரிந்தால் அமைப்பை மாற்றி மறுபடி அதே 30 நொடி.